ஷட்டரில் கை வைக்காதீர்கள்

எங்கள் ஊர் வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

சங்கக் கட்டட வாசலில் போன வாரம் நீங்கள் ஒட்டிய தீர்மானத்தைப் படித்தேன். இனிமேல் சங்கம் கடையடைப்பு அறிவித்த நாளில் யார் கடை திறந்தாலும் 5,000 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் ஊரில் உள்ள மொத்தக் கடைக்காரர்கள் அவர்களுக்குச் சரக்கு போடக் கூடாது. தள்ளுவண்டி, தரைக்கடை உட்பட எல்லாருக்கும் இது பொருந்தும். கடைசியில், நெல் கொள்முதல் தேங்கிக் கிடப்பதைக் கண்டித்து நடந்த கடையடைப்பன்று திறந்திருந்தவர்களின் பட்டியல், ‘ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர்கள்’ என்ற தலைப்பில். அதில் மூன்றாவதாக என் டிபன் கடை இருக்கிறது.

இந்தத் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை. அபராதமும் கட்டப் போவதில்லை. ஏன் என்று கூட்டத்திலேயே சொல்ல எழுந்தேன். செயலாளர் தம்பி முந்திக்கொண்டார். “அக்கா, கடையைச் சாத்துங்கன்னு சொல்றது எங்க கருத்து. கருத்து சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது, மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அவர் கேட்டது நல்ல கேள்விதான். பதில் சொல்ல விடாததால் ஊரறிய எழுதுகிறேன்.

உரிமை இருக்கிறது, தம்பி. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லலாம். நோட்டீஸ் அடிக்கலாம். கடை கடையாக ஏறி, ‘நீங்களும் சாத்தினால்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும்’ என்று பேசலாம். நான் முடியாது என்றால் மறுபடியும் வந்து பேசலாம். கோபப்படலாம். ‘ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவள்’ என்று என் முகத்துக்கு நேரே சொல்லலாம். எனக்கு வருத்தம் வரும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்வேன், அவ்வளவுதான். இனி என் கடையில் கை நனைக்க மாட்டேன் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் சரி. உங்கள் காசு, உங்கள் வயிறு. அரிசி மண்டிக்காரர் தானாகவே ‘உங்களுக்கு இனிமேல் சரக்கு தருவதாக இல்லை’ என்று சொன்னால்கூட நான் வேறு மண்டி பார்த்துக்கொள்வேன். எல்லாமே கருத்துதான், கொஞ்சம் கசக்கிற கருத்து.

ஆனால் அதே மண்டிக்காரரிடம், ‘அவளுக்குச் சரக்கு போட்டால் உனக்கும் அபராதம்’ என்று நீங்கள் சொல்லும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. அவர் என் பக்கமா, உங்கள் பக்கமா, இரண்டு பக்கமும் இல்லாதவரா என்பது அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் தெரியாமலே போகும். அவர் வாயை மூடி வைத்துவிட்டு, ‘பார், அவரும் எங்கள் கருத்துதான்’ என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த கணக்கு எளிமையானது. நீங்கள் கேட்டதற்கு நான் ‘மாட்டேன்’ என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? உங்கள் வருத்தமும் கோபமும் வரும் என்றால், நீங்கள் சொன்னது கருத்து. அரிசி வராது, 5,000 எடுத்து வை, ஆள் வரும் என்றால், அது உத்தரவு. உத்தரவு போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று நான் கேட்கலாம் அல்லவா?

அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்கள் பட்டியலில் இல்லை. நான் எழுதுகிறேன்.

கடையடைப்பு அறிவிப்பு முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மைக்கில் வந்தது. இட்லிக் கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அந்நேரம் மாவு ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தாகியிருக்கும். விடிந்தால் பொங்கி நிற்கும். ஒருநாள் தள்ளினால் புளித்துவிடும். ஜவுளிக் கடைக்குக் கடையடைப்பு என்றால் வியாபாரம் ஒருநாள் தள்ளிப்போகிறது. இன்றைக்கு வேட்டி வாங்காதவர் நாளைக்கு வந்து வாங்குவார். இன்று காலை நாலு இட்லி சாப்பிடாதவர் நாளைக் காலை வந்து எட்டாகச் சாப்பிட மாட்டார். சங்க நிர்வாகத்தில் டிபன் கடைக்காரர் ஒருவர்கூட இல்லாததால் இது உங்கள் யோசனைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

செயலாளருக்கு அன்று ராத்திரியே போன் போட்டேன். காலை எட்டரை வரை மட்டும் திறக்கிறேன், அப்புறம் சாத்திவிட்டு, பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் ஆர்ப்பாட்டத்துக்கு நானே வருகிறேன் என்றேன். “பார்த்துக்கலாம் அக்கா” என்றார்.

யாருக்காகத் திறந்தேன் என்றும் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு உள்ளேயே சாப்பாடு கிடைத்துவிடும், துணைக்கு வந்தவர் வெளியேதான் சாப்பிட்டாக வேண்டும். மருந்துக் கடைக்கும் பாலுக்கும் விலக்கு கொடுத்தீர்கள், நியாயம். ராத்திரி முழுக்க வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு டீ, ரெண்டு இட்லி என்பது உங்கள் விலக்குப் பட்டியலில் வரவில்லை.

இன்னொரு கூட்டமும் அன்று விடியற்காலையில் வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே காவல் படுத்திருந்த விவசாயிகள். தூறல் விழுந்தால் எழுந்து மூடுவதும், வெயில் முகம் காட்டினால் பிரித்துக் கிளறிவிடுவதுமாக அவர்கள் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். 22 வரை தளர்த்துங்கள் என்று டெல்டா முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். என் தம்பி நெல்லும் அந்தக் குவியல்களில் ஒன்று, அடியில் முளைவிட்டுக் கிடந்தது. இவர்களுக்காகத்தான் கடையடைப்பு. இவர்களே வந்து, “அக்கா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார்கள். உங்களுக்காகத்தான் போராட்டம், அதனால் பட்டினி கிடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறரை மணி இருக்கும். இரண்டு பைக்கில் ஐந்து பேர் வந்தார்கள். சங்க நிர்வாகி ஒருவர் கொஞ்சம் தள்ளி, போனைப் பார்த்தபடி நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவன் கொக்கிக் கம்பியை மாட்டி ஷட்டரைப் பாதி வரை இழுத்து இறக்கினான். உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இலையைக் கையில் ஏந்தியபடி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். சாம்பார் அவர் முழங்கை வரை வழிந்தது. சாக்கடை ஓரம் நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிட்டார். இன்னொரு பையன், கை கழுவ வைத்திருந்த வாளியில் ஒரு செம்பு மொண்டு மாவுக் குண்டானில் ஊற்றினான். ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. (அவன் பெயரை எழுத மாட்டேன். அவன் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, அதுவே போதும்.)

ஐந்து பேரில் ஒருவராவது ‘சாத்துங்கள்’ என்று வாயால் சொல்லியிருந்தால், அதையாவது கருத்து என்று எடுத்துக்கொள்ள முயன்றிருப்பேன்.

அதே நேரத்தில் எதிர்ச் சந்தில் ஒரு பெரிய மொத்தக் கடைக்கு முன்பக்கம் பூட்டு தொங்கியது. பின்பக்கம் டெம்போவில் எண்ணெய் டின்னும் மைதா மூட்டையும் ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கடை உங்கள் பட்டியலில் இல்லை. காட்டிக்கொடுக்க எழுதவில்லை, அவர் வியாபாரம் அவர் இஷ்டம். கட்டுப்பாடு என்று ஒன்றைப் போட்டால் அது யாரைக் கட்டும், யாரை விடும் என்பதற்காகச் சொல்கிறேன். பூக்கார அம்மாவிடமும் சுண்டல் வண்டிக்காரரிடமும் அன்றைக்கே ஆளுக்கு 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ரசீது கிடையாது. அவர்கள் சங்கத்தில் உறுப்பினர்களே இல்லை. தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. அவர்களை ஒழுங்குபடுத்துவது உள்ளாட்சி அமைப்பின் வேலை, அதற்கும் நோட்டீஸ், விளக்கம் கேட்பது என்று முறை இருக்கிறது. பூக்கூடைக்கு அபராதம் போட ஒரு சங்கத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

நான் கடையடைப்புக்கே எதிரி என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். 2023 அக்டோபர் 11 அன்று காவிரித் தண்ணீருக்காக டெல்டா மாவட்டங்களில் கடையடைப்பு நடந்ததே, நினைவிருக்கிறதா? ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை, தண்ணீர் இல்லை என்று கடையடைப்புக்கு முதல் நாள்தான் மூடியிருந்தார்கள். எங்கள் பிறந்த வீட்டு நிலம் தலைஞாயிறு பக்கம், கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகிறது. அங்கிருந்து கிளை வாய்க்கால் கிளை வாய்க்காலாகப் பிரிந்து எங்கள் மடைக்கு வரும்போது பாதிப் பருவம் போய்விடும், வந்தால். அன்றைக்கு முழுநாளும் என் கடை சாத்தியிருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பூட்டைப் போட்டுவிட்டு ஊர்வலத்தில் நின்றேன். அந்தப் பூட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்றால், போடாமலும் இருந்திருக்கலாம் என்பதால்தான்.

உங்கள் தீர்மானம் அமலுக்கு வந்துவிட்டால் அந்த மதிப்பு போய்விடும். அடுத்த கடையடைப்பில் நான் மனதாரச் சாத்தினாலும், பயந்து சாத்தினாலும், பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓர் அரசு ஊழியர் என் கடையில் டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், “இவங்க எல்லாம் சங்கத்துக்குப் பயந்து சாத்துறவங்க சார், இதுக்கு ரிப்போர்ட் என்ன எழுதுறது?” என்று. எனக்குச் சுருக்கென்றது. நம் தெருவில் முக்கால்வாசிப் பேர் நெல்லை நினைத்துத்தான் சாத்தினார்கள். அவர்களுடைய கோபத்தையும் சேர்த்து அந்த ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார். அந்த வார்த்தையை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது கொக்கிக் கம்பி.

‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பாட்டி காலத்தில் ஒரு குடும்பத்தை ஊர்க் கட்டுப்பாட்டில் வைத்தார்கள் என்றால் அந்த வீட்டுக்கு வண்ணார் வரக் கூடாது, நாவிதர் வரக் கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, சாவுக்குக்கூட யாரும் போகக் கூடாது. பெரும்பாலும் அது யார் மேல் விழுந்தது என்று உங்களுக்கும் தெரியும். சேரியில் கூலி உயர்த்திக் கேட்டவர் மேல், சாதி மாறிக் கட்டிக்கொண்டவர் மேல், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத பெண்கள் மேல். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னதும் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். வியாபாரிகளின் சங்கம் அந்தத் தலைப்பை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா?

நாவிதர் என்றதும் இன்னொருவர் ஞாபகத்துக்கு வருகிறார். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரகிகள் நடந்து போனது நம் ஜில்லா வழியாகத்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தோர்ன், சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை என்று எச்சரித்தார். சோறு போடுகிறவரைத் தடுத்தால் நடை நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய முடியாது என்று மறுத்து, அதற்காகச் சிறைக்குப் போனார். அவர் பெயரில் அங்கே நினைவுத்தூண் இருக்கிறது.

பாட்டி காலத்துக் கட்டுப்பாட்டிலும் சவரம் நின்றது, வைரப்பன் கடையிலும் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காரியம். அங்கே நாவிதருக்கு வேறு வழி கிடையாது, போனால் அவரையும் தள்ளிவைப்பார்கள். இங்கே கத்தி வைரப்பனுடையது, முடிவும் அவருடையது, தண்டனையும் அவரே வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரின் கத்தியைப் பிடுங்கி அவர் சத்தியாகிரகம் செய்யவில்லை. உங்கள் தீர்மானம் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றைத் தடுத்தது அன்றைக்குக் கலெக்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

‘இதெல்லாம் பேச நன்றாக இருக்கும், வற்புறுத்தாமல் எந்தப் போராட்டம் ஜெயித்திருக்கிறது?’ என்று தலைவர் அண்ணன் கேட்பார். கேட்டும் இருக்கிறார். டெல்டாவில் நிலத்தடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா இந்தப் பக்கம் ஊர் ஊராகப் போனபோது கையில் என்ன வைத்திருந்தார்? பேச்சுதான். அரச மரத்தடியில் உட்கார்ந்து, நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று விளக்குவார், எதிர்க் கேள்வி கேட்டால் அதற்கும் பதில் சொல்வார். அந்தப் பிரசாரத்தில் இருக்கும்போதேதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் காலமானார். 2015-ல் தமிழக அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கிச் சட்டமும் வந்தது. அவர் ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை ஊர்களும் எழுந்து நின்றது அபராதத்துக்குப் பயந்து இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் முழு அடைப்புகளால் அலுத்துப்போய் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள், நம்மைப் போல. 1997-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ‘பந்த்’ என்ற பெயரில் மற்றவர்களைக் கட்டாயப்படுத்தி முடக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுப்பது வேறு, வராதவனை வரவிடாமல் தடுப்பது வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 2007 அக்டோபர் 1 அன்று சேது சமுத்திரத் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டில் ஆளும் கட்சிக் கூட்டணி முழு அடைப்பு அறிவித்தபோது, உச்ச நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கூடித் தடை போட்டது. முதலமைச்சராக இருந்தவரே அடைப்பை விட்டுவிட்டு உண்ணாவிரதத்துக்கு உட்கார்ந்தார். மாநிலத்தையே ஆளுகிறவர்களுக்கு இல்லாத அதிகாரம் நம் ஊர் சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது?

தீர்மானத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டதில் ஒன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, அதை மறைக்க மாட்டேன். மளிகைக் கடை அண்ணன் ஒருவர் சொன்னார், “நான் சாத்திட்டு நஷ்டப்படுறேன், நீ திறந்து வச்சு என் வியாபாரத்தையும் சேர்த்துப் பார்க்கிறே. இது மட்டும் நியாயமா?” இது நியாயமான வலி. எட்டுக் கடை சாத்தியிருக்கும்போது ஒன்பதாவது கடைக்காரர் கல்லா நிறைத்தால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் அதற்கு அபராதம் மருந்து ஆகாது. பின்வாசல் டெம்போ இருக்கும்வரை அந்த அண்ணனின் நஷ்டம் நஷ்டமாகத்தான் இருக்கும், அபராதம் மட்டும் என்னைப் போன்றவர் தலையில் விழும். அவர் என்னிடம் வந்து நேரில் கேட்டிருந்தால், அன்றைய வரும்படியை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசியிருப்போம். பேச இடம் கொடுக்காமல் நேரே அபராதத்துக்குப் போய்விட்டீர்கள்.

காவிரி விவகாரத்தில் நாம் இத்தனை வருஷமாகக் கேட்பது என்ன என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம், அந்த ஜூன் மாதம் மேலாண்மை ஆணையம். அணை என் எல்லையில் இருக்கிறது, மதகு என் கையில் இருக்கிறது என்பதற்காக ஒருவர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்துவிடக் கூடாது, கீழே இருப்பவனும் மனுஷன், அவனையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவும்? அதையே மைக்கில் முழங்கிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு யாரையும் கேட்காமல் நாளைக்கு எல்லாரும் சாத்து என்று நம்மால் எப்படிச் சொல்ல முடிகிறது?

நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில் பூக்கார அம்மாவுக்கும் சுண்டல் வண்டிக்காரருக்கும் அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். இதற்குப் பொதுக்குழு கூட வேண்டியதில்லை, இன்றைக்கே செய்யலாம். வேறு யாரிடமாவது வாங்கியிருந்தால் அதையும்.

வாசலில் ஒட்டிய பட்டியலை எடுத்துவிடுங்கள். அபராதத் தீர்மானத்தையும் சரக்கு நிறுத்தும் தீர்மானத்தையும் அடுத்த பொதுக்குழுவில் முறையாக ரத்து செய்து மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். சங்கம் பதிவு பெற்ற சங்கம். என்னிடம் இருக்கும் துணை விதி நகலில் சந்தா பாக்கிக்கு என்ன செய்வது என்று இருக்கிறது, கடை திறந்ததற்கு அபராதம் என்று எங்கேயும் இல்லை. இருந்தால் பக்கத்தைக் காட்டுங்கள்.

மாவுக்கு நஷ்ட ஈடு வேண்டாம். அன்று தள்ளி நின்ற நிர்வாகி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் ஷட்டரை இறக்கியது தப்பு என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். அந்தப் பையன்களை அனுப்பியது யார் என்பதையும் அவரே சொன்னால் நல்லது.

இனிக் கடையடைப்பு அறிவிப்பதானால் இரண்டு நாளாவது முன்கூட்டிச் சொல்லுங்கள். அறிவிப்பதற்கு முன் உறுப்பினர்களைக் கூட்டிக் கேளுங்கள், கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடன் கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேர் கையைத் தூக்காமல் இருக்க முடியும்? நோட்டீஸில் ‘விருப்பமுள்ளவர்கள் கடையடைத்து ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் சாப்பாடு போடும் கடைகளுக்குக் காலை ஒன்பது வரையாவது விலக்கு கொடுங்கள். மளிகைக் கடை அண்ணனுக்குப் பதிலாக நான் ஒன்று சொல்கிறேன்: அப்படித் திறக்கும் நாளில் என் கடை வாசலில் கறுப்புக் கொடி கட்டுவேன், செலவு போக வருவதைக் கொள்முதல் நிலையத்தில் காவல் கிடப்பவர்களின் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடுவேன். மற்றவர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள்.

இந்த மடலைப் பொதுக்குழுவில் முழுவதும் வாசிக்க வேண்டும், நான் பதில் பேசப் பத்து நிமிஷம் வேண்டும், மைக்கோடு. சங்கத்தின் முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள்.

அதுவரை போலீசுக்குப் போகாமல் இருக்கிறேன். அந்த ஐந்து பேரும் நம் ஊர்ப் பிள்ளைகள், வழக்கு என்று ஒன்று விழுந்தால் வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் அது அவர்கள் பின்னாலேயே வரும். ஆனால் இன்னொரு முறை யாராவது என் கடை ஷட்டரில் கை வைத்தால், தடுத்து நிறுத்தியதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவிலும், மிரட்டியதற்கு 351-வது பிரிவிலும் புகார் எழுதிக் கொடுப்பேன். அனுப்பியவர் பெயரையும் சேர்த்தே எழுதுவேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு வடக்கு வாசல் டிபன் கடை நடத்துபவர்,
சங்க உறுப்பினர், சந்தா பாக்கி இல்லை.